பனியனும் ஓவியனும்

திருப்பூரில் காதர்பேட்டை என்றொரு கடைப்பகுதி உண்டு. அயல்நாடுகளுக்கென்று தைக்கப்பட்டு எஞ்சிய ஆடைகளும், சிறு குறை காரணமாக ஒதுக்கப்பட்ட ஆடைகளும் அங்கே மலைபோல் குவிந்திருக்கும். மூட்டை கட்டி வாங்கிச் செல்லும் வெளியூர் வணிகரும், ஒன்றிரண்டு வாங்க வரும் உள்ளூர்த் தொழிலாளரும் அக்குவியல்களைக் கிளறிக்கொண்டே இருப்பர். நீங்கள் அங்குச் செல்ல நேர்ந்தால், படம் பொறித்த பனியன் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மார்புப் பக்கத்தில் ஒரு திமிங்கிலம் நீந்தும். அல்லது பழைய மிதிவண்டி ஒன்று மரத்தின்மேல் சாய்ந்து நிற்கும். படத்தைக் கண்டு மகிழ்ந்தபின், கழுத்தின் உட்புறத்தில் தைத்திருக்கும் சிறு சீட்டைப் படியுங்கள். வணிகப் பெயர் இருக்கும், அளவு இருக்கும், நூலின் வகை இருக்கும், எத்துணைச் சூடான நீரில் துவைக்கலாம் என்பதும், எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் இருக்கும். அந்தத் திமிங்கிலத்தை வரைந்தவர் யார் என்பது மட்டும் இராது.

அந்த ஒரு வரியும் இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

‘படத்தைப் பார்த்து வாங்குகிறோமேயன்றி, வரைந்தவரைப் பார்த்தா வாங்குகிறோம்?’ என்று கேட்பார் உளர். கேள்வி நேர்மையானதே. ஆயினும் படமில்லாத பனியன் ஒன்றையும், அதே நூலில் அதே தையலில் அமைந்த படமுள்ள பனியன் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை கேட்டுப் பாருங்கள். படமுள்ளது கூடுதல் விலை பெறும். அச்சிட்ட மைக்கும் கூலிக்கும் உரியது போக, எஞ்சிய கூடுதல் எதனால் வந்தது? ஒருவர் ஓரிடத்தில் அமர்ந்து, வெற்றுத்தாளில் எதை வரைவது என்று எண்ணிய எண்ணத்தால் வந்தது. பொருளின் மதிப்பை உயர்த்தியவர் பெயர், பொருளில் எங்கும் இல்லாமற்போவது முறையாகுமா?

பனியன் என்னும் சொல்லின் வரலாறே சுவையானது. வணிகரைக் குறித்த ஓர் இந்தியச் சொல் ஐரோப்பியர் வாயில் ‘பனியன்’ ஆயிற்று. வணிகர் உடுத்த தளர்ந்த மேலாடையின் பெயராயிற்று. பின்னர் உள்ளாடையின் பெயராக நம்மிடமே திரும்பி வந்தது. திருப்பூரில் பின்னல் எந்திரம் ஓடத் தொடங்கியது 1925-ஆம் ஆண்டளவில் என்பர். நெடுங்காலம் அவ்வூர் வெள்ளை உள்ளாடையே செய்து நாடெங்கும் அனுப்பிற்று. 1970-களின் இறுதியில் இத்தாலி நாட்டு வணிகர் வந்தனர், ஏற்றுமதி வளர்ந்தது, வெள்ளைப் பனியன் வண்ணப் பனியனாயிற்று, உள்ளே உடுத்தது வெளியே உடுத்துவதாயிற்று. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமே ஆயிற்று.

இன்று அவ்வூரில் ஒரு பனியன் ஒருவர் கையால் ஆவதன்று. நூலைப் பின்னுவோர் ஓரிடத்தில்; சாயமிடுவோர் வேறிடத்தில்; துணியின் சுருக்கத்தைச் சீர்செய்யும் காம்பாக்டிங் மற்றோரிடத்தில். கட்டிங் மாஸ்டர் வெட்டிய துண்டுகள் அச்சுப் பட்டறைக்குச் சென்று, படம் ஏறித் திரும்பியபின்பே தையலுக்குப் போகும். பிசிறு நறுக்குவோரும், குறை பார்ப்போரும், தேய்ப்போரும், மடிப்போரும் அதன்பின் உளர். இத்தனை கைகளும் ஊரிலேயே உள்ளன. ஆனால் அச்சிடப்படும் படமோ, பெரும்பாலும் வாங்குவோர் நாட்டிலிருந்து கோப்பாக வந்து சேர்கின்றது. உள்ளூர்ச் சந்தைக்கான பனியனாயின், பல வேளைகளில் எங்கிருந்தோ எடுத்த படம் சிறிது மாற்றி ஒட்டப்படுகின்றது. நூற்கவும் பின்னவும் தைக்கவும் தெரிந்த ஊர், வரைவதை மட்டும் பிறரிடம் விட்டுவிட்டது.

பனியனுக்கு வரைவது தாளில் வரைவது போன்றதன்று. இதனை அறிய வேண்டுமாயின் ஓர் அச்சுப் பட்டறையில் அரைநாள் நிற்க வேண்டும். நீண்ட மேசைகளின்மேல் வெட்டிய துணித்துண்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையே ‘ஸ்கிரீன்’ எனப்படுவது. அதன்மேல் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி, படத்தின் கரும்படியை வைத்து, விளக்கொளியில் காட்டுவர். ஒளி பட்ட இடம் இறுகும். படத்தின் கருமை மறைத்த இடம் இறுகாது. நீரில் கழுவ அது கரைந்து வலைக்கண் திறக்கும். அத்திறப்பின் வழியே, ரப்பர் பொருத்திய கட்டையால் மையை இழுக்க, துணியில் படம் விழும். ஒரு நிறத்திற்கு ஒரு ஸ்கிரீன். நான்கு நிறமாயின் நான்கு. ஒரு நூலிழை அளவு பிசகினும் மீனின் கண் மீனுக்கு வெளியே போய்விடும். கறுப்புத் துணியாயின் முதலில் வெள்ளை மையை அடியிட்டு, அதன்மேல் பிற நிறம் ஏற்ற வேண்டும். இன்றேல் மஞ்சள் மங்கிச் சேறாகிவிடும். பிளாஸ்டிசால் என்னும் மை ஏறத்தாழ 160 பாகை வெப்பத்தில் வெந்தால்தான் துணியைப் பற்றும்.

மேலும், பின்னலாடை இழுபடும் இயல்புடையது. அகன்ற இடத்தை ஒரே மையால் நிரப்பினால், உடுத்துவோர்க்கு மார்பில் ஒட்டுத்தோல் ஒட்டியதுபோல் வெப்பாக இருக்கும். நாளடைவில் அது வெடிக்கும். ஆதலின் தேர்ந்த ஓவியன் துணியின் நிறத்தையே படத்தில் ஒரு நிறமாகக் கொள்வான். கறுப்புப் பனியனில் யானை வரையும்போது யானையை வரையமாட்டான். யானையின் மேல்பட்ட வெளிச்சத்தை மட்டும் வரைவான். எஞ்சியதைத் துணியே வரைந்துகொள்ளும். மூன்று நிறம் தரும் பயனை இரண்டு நிறத்தில் பெறுவதும், மெல்லிய சாயலைப் புள்ளிகளாகப் பிரிப்பதும் அவனுக்குத் தெரியும். இவற்றை அச்சுப் பட்டறையின் பழகிய கைகளிடமிருந்து கற்பதே எளிது. அவ்வகையில் நகரத்து ஓவியனைவிடத் திருப்பூரில் பிறந்த ஓவியன் பேறு பெற்றவன். அவனுக்குப் பள்ளி பக்கத்துத் தெருவிலேயே இருக்கின்றது.

அன்று அவனுக்கு வழி இல்லை, இன்று உண்டு. ஸ்கிரீன் செய்யும் செலவு பத்துப் பனியனுக்கும் பதினாயிரம் பனியனுக்கும் ஒன்றே. ஆதலின் சிறு தொகையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லும் இளைஞனை எவரும் மதித்ததில்லை. இப்பொழுதோ கணிப்பொறியிலிருந்து நேரே துணியில் மை தெளிக்கும் எந்திரங்கள் வந்துள்ளன. ஒரே ஒரு பனியனையும் அவை அச்சிட்டுத் தரும். அவ்வாறே நல்ல தாளில் ஓவியப்படி எடுக்கும் எந்திரமும் உண்டு. எந்த நிறுவனத்திலும் பணிபுரியாமல், தாம் விரும்பியதை வரைந்து, பனியனாகவும் சுவரில் மாட்டும் ஓவியப்படியாகவும் விற்று வாழும் இளைஞரும் நங்கையரும் இந்நாளில் பெருகி வருகின்றனர். இது நம் நாட்டிற்குப் புதிது என்று எண்ண வேண்டா. 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை வீடுதோறும் அனுப்பினார் இரவிவர்மா. கோவிற்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவர்தம் மாணவரும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாய் நாடெங்கும் தொங்கின. அப்படங்களின் அடிமூலையைப் பாருங்கள். வரைந்தவர் கையொப்பம் இருக்கும். நாட்காட்டியைக் கொடுத்த கடையின் பெயர் பெரிதாகவும், ஓவியர் பெயர் சிறிதாகவும் இருந்தமை உண்மையே. ஆயினும் இருந்தது. ஐந்தாறு ரூபாய் பெறாத நாட்காட்டி செய்த மரியாதையை ஐந்நூறு ரூபாய்ப் பனியன் செய்யவில்லை.

பெயர் இல்லாமையால் வரும் இழப்பு பெருமை ஒன்று மட்டுமன்று. சோழமண்டலக் கரையில் துணியின்மேல் வரைந்த நம் முன்னோர் கைவண்ணம் ஐரோப்பாவையே மயக்கிற்று. தம் நெசவாளர் கெடுவர் என்று அஞ்சிய பிரெஞ்சு அரசு 1686-இல் அச்சிட்ட பருத்தித் துணியைத் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1721-இல் கடுஞ்சட்டம் செய்தது. இரு பேரரசுகள் சட்டம் இயற்றித் தடுக்குமளவு வலிமை பெற்ற அச்சித்திரங்களை வரைந்தோருள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? துணி அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றது. கை மறைந்துபோயிற்று. அவ்வடிவங்களை ஐரோப்பியத் தொழிற்சாலைகள் எடுத்து அச்சிட்டபோது, ‘இது என்னுடையது’ என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் ஒன்று கூறுவேன். மஞ்சள் வட்டத்துள் இரு கண்ணும் ஒரு புன்சிரிப்பும் கொண்ட முகத்தை அறியாதார் இலர். 1963-இல் அமெரிக்க நாட்டு வூஸ்டர் நகரில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பணியாளரை மகிழ்விக்க ஹார்வி பால் என்னும் ஓவியர் அதனை வரைந்தார். அவர் பெற்ற ஊதியம் 45 டாலர். அவரும் அதனைப் பதிவு செய்யவில்லை, நிறுவனமும் செய்யவில்லை. பின்னர்ப் பிறர் அம்முகத்தைப் பனியனிலும் பொத்தானிலும் பொறித்துப் பெரும்பொருள் ஈட்டினர். அதுபற்றித் தாம் வருந்தியதில்லை என்று அவர் கூறிவந்தார். அது அவர்தம் பெருந்தன்மை. ஆனால் வாடகை கொடுக்க வேண்டிய எல்லா ஓவியரிடமும் அப்பெருந்தன்மையை நாம் எதிர்பார்த்தல் ஆகாது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கின்றது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஓவியனுக்குப் பல உரிமைகளைத் தந்துள்ளது. தானே எண்ணி வரைந்த ஓவியத்தின் உரிமை அவனுடையது. அவன் வாழ்நாளிலும், மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். உரிமையை விற்றபின்னும், வரைந்தவன் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவனைவிட்டு நீங்காது. புதுதில்லி விஞ்ஞான பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சிதைந்த தம் சுவர்ச்சிற்பத்திற்காக அமர்நாத் சேகல் என்னும் கலைஞர் தொடுத்த வழக்கில், 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம் இவ்வுரிமையை உறுதி செய்தது. உரிமை மாற்றம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அவ்வெழுத்தில் காலம் குறிக்கவில்லையெனின் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கவில்லையெனின் இந்திய எல்லைக்குள் என்றும் கொள்ளப்படும். ஆனால் பிறர் கூலி கொடுத்துத் தமக்கென வரையச் சொன்ன ஓவியமாயின், மாறான உடன்பாடு இல்லாதபோது, முதல் உரிமை வரையச் சொன்னவருக்கே. தொலைபேசியில் ‘சரி அண்ணா, வரைந்து அனுப்புகிறேன்’ என்று சொல்லும் இளைஞன் இவ்வேறுபாட்டை அறிந்தா சொல்கின்றான்?

இவற்றினும் நுட்பமான ஒரு முட்டுக்கட்டை அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவில் உள்ளது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் இசைவு பெற்றவரோ பொருளின்மேல் ஏற்றித் தொழில்முறையில் 50 படிகளுக்கு மேல் செய்தால், அவ்வடிவத்திற்குரிய பதிப்புரிமை அத்துடன் முடிந்துவிடும். தாளில் உள்ள ஓவியம் ஓவியமாகவே வாழும். பனியனில் ஏறிய வடிவமோ 51-ஆம் பனியனோடு காவல் இழக்கும். எது தூய ஓவியம், எது தொழில் வடிவம் என்பதில் வழக்குகள் பல நடந்தன. 2025 ஏப்பிரலில் உச்சநீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. எனினும் ஒவ்வொரு வழக்கும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியதே. அப்படியாயின் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாமே எனின், செய்யலாம். பத்தாண்டுக் காவல் கிடைக்கும், மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். ஆனால் உலகோர் கண்ணில் படுமுன்பே பதிவு செய்தாக வேண்டும். படத்தை வரைந்த அன்று இரவே நண்பர்க்கெல்லாம் காட்டி மகிழ்வது இக்கால ஓவியர் வழக்கம். அம்மகிழ்ச்சியே அவர்தம் உரிமைக்கு முடிவாகிவிடுகின்றது. ஆயிரம் பனியன் விற்றால்தான் வாழ்வு. ஐம்பதைத் தாண்டினால் காவல் இல்லை! இச்சட்டத்தை வகுத்தோர் பெருந்தொழிற்சாலைகளை எண்ணி வகுத்தனர் போலும். ஒற்றை ஆளாய் நின்று வரைவோர் அன்று அவர் கண்ணில் தோன்றவில்லை. இப்பிரிவு திருத்தப்பட வேண்டும். குறைந்தது, தனி ஓவியர்க்கு இவ்வெண்ணிக்கையையேனும் உயர்த்த வேண்டும்.

மறுதரப்பில் உள்ள நியாயத்தையும் கூறுவேன். பட்டறைக்காரரைக் குற்றம் சொல்வது எளிது. அவரிடம் படம் வரும்போது, அது யாருடையது என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. ஒரு துண்டுக்கு இத்துணைக் காசு என்று பேசிய கூலியில், மின்கட்டணமும் மைவிலையும் போக எஞ்சுவது சிறிதே. கேட்டால் வேலை அடுத்த பட்டறைக்குப் போய்விடும். ஓவியர் எல்லாரும் தூயவர் என்பதும் இல்லை. அயல்நாட்டுக் கேலிச்சித்திரத்தையும் திரைப்பட நடிகர் உருவையும் எடுத்து இரு கோடு மாற்றித் தம் பெயர் இட்டுக்கொள்வோரும் அவருள் உளர். சொன்ன நொடியில் படம் செய்து தரும் கணிப்பொறி வந்தபின் இது மேலும் பெருகிவிட்டது. பெயரிடும் வழக்கம் வந்தால் இவர்களும் ஒருவாறு அடங்குவர் என்பது என் நம்பிக்கை. பெயர் இட்டவன் நாளை பதில் சொல்ல வேண்டுமன்றோ?

ஜப்பானியர் மரப்பாளத்தில் அச்சிட்ட பழைய ஓவியப்படிகளில் ஓவியர் கையொப்பமும், வெளியிட்டவர் முத்திரையும், சிலவற்றில் மரம் செதுக்கியவர் பெயருமே காணப்படும். விலை குறைந்த படிகள்தாம் அவை. பெயர் இட்டமையால் வெளியிட்டோர் எவரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. கழுத்துச் சீட்டில் ஒரு வரி கூட்டுவதற்குத் தறியில் ஆகும் செலவு எண்ணத்தக்கதன்று. திருப்பூரின் பெரிய நிறுவனங்கள் தம் சொந்தப் பெயரில் உள்நாட்டில் விற்கும் பனியன்களிலேனும் இதனைத் தொடங்கலாம்.

துணியில் வரைந்து வாழ்வது கலைக்கு இழுக்கு என்று கருதும் பெற்றோர்க்கும் ஒரு சொல். 1960-களில் சென்னை ஓவியக் கல்லூரித் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவரும் ‘பாத்திக்’ என்னும் மெழுகுச் சாய முறையில் துணிகளில் வரைந்து விற்றனர். அவ்வாறு ஈட்டிய பொருளின் துணையால் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் எழுந்ததே சோழமண்டல ஓவியர் கிராமம். துணி அவர்களுக்குச் சோறு போட்டது. ஓவியத்தை எவர்க்கும் அடிமையாக்காமலும் காத்தது.

எனக்குத் தெரிந்த நங்கை ஒருத்தி உண்டு. தையல் தொழிலாளியின் மகள். நொய்யல் ஆற்றங்கரைப் பறவைகளை வரைவாள். ஈராண்டுகளுக்கு முன் அவள் வரைந்த மீன்கொத்தி, தெருவில் சென்ற ஒரு சிறுவனின் மார்பில் இருப்பதைக் கண்டு திகைத்து நின்றாள். யார் அச்சிட்டார் என்று தேடினாள், தெரியவில்லை. சிறுவனின் தாய், ‘நல்ல படம் கண்ணு, சந்தையில் எடுத்தேன்’ என்றாளாம். தான் வரைந்தது என்று சொல்ல அவளுக்கு நாவெழவில்லை. சொன்னால் நம்புவார்களோ என்னும் ஐயம்.

அதன்பின் அவள் ஒரு முறை கொண்டாள். ஒரு பறவைக்கு 50 பனியன். அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றின் கழுத்துச் சீட்டிலும் தன் பெயரையும் எண்ணையும் அழியா மையால் கையாலேயே எழுதுகின்றாள். ஐம்பதும் விற்றவுடன் அடுத்த பறவை. சட்டத்தின் இடுக்கில் கால்வைத்து நிற்கும் இவ்வாழ்வை நான் பாராட்டுவதா, இதற்காக வருந்துவதா என்று எனக்கே விளங்கவில்லை. சென்ற மாதம் பட்டறைக்குச் சென்றிருந்தபோது அவள் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இருபது ஆண்டுகளாக அங்கே மை இழுக்கும் முதியவர் அருகில் வந்து நின்று, சற்றுநேரம் பார்த்திருந்து, ‘அம்மணி, இந்தத் தவணை நிறம் கலந்தது நான்தானே?’ என்றார். அவள் பேனாவை அவரிடமே நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தம் பெயரின் முதலெழுத்தை அவள் பெயருக்குக் கீழே மெல்ல எழுதினார்.